கட்டமைப்புக் குடும்பச் சிகிச்சை: ரெண்டு நாள் வகுப்பில் வருமா?

வாய்க்கால்மேடு (ஈரோடு) | செவ்வாய், இரவு 9.40

வணக்கம். ஈரோடு பக்கம் ஒரு சின்னத் தொண்டு நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். பயிற்சிப் பொறுப்பு இந்த வருடம் என் தலையில் விழுந்திருக்கிறது. மொத்தம் 14 பேர். ஆறு பேர் எம்எஸ்டபிள்யூ (சமூகப்பணி முதுகலை) முடித்தவர்கள். மூன்று பேர் உளவியல் படித்துவிட்டுப் பள்ளிக்கூடங்களில் கவுன்சிலராக இருப்பவர்கள். மீதி ஐந்து பேர் களப்பணியாளர்கள். பெரிய படிப்பு கிடையாது, ஆனால் எந்த வீட்டுக்கு எந்த நேரத்தில் போனால் கதவு திறக்கும் என்று தெரிந்தவர்கள்.

எல்லோருக்கும் ஒரே குறை. பையனைத் தனியாக உட்கார வைத்துப் பேசினால் பேசுகிறான், அழுகிறான், சரிங்க மேடம் என்கிறான். வீட்டுக்குப் போனதும் பழைய கதை. குடும்பத்தையே கூப்பிட்டுப் பேசலாம் என்றால், நாலு பேர் வந்து உட்கார்ந்த உடனே நம் ஆட்கள் பஞ்சாயத்துக்காரர்கள் ஆகிவிடுகிறார்கள். "நீங்க கொஞ்சம் விட்டுக்குடுங்க, நீ கொஞ்சம் அனுசரிச்சுப் போ." இதைச் சொல்ல எதற்குப் பட்டப்படிப்பு? ஊர்ப் பெரியவர் இன்னும் நன்றாகச் சொல்வார்.

போன வருடம் வெளியூரிலிருந்து ஒருவரை அழைத்து, கட்டமைப்புக் குடும்பச் சிகிச்சையில் ரெண்டு நாள் வகுப்பு வைத்தோம். ஆளைத் தனியே பார்க்காமல், வீட்டில் யார் யாரோடு எப்படி நடந்துகொள்கிறார்கள் என்ற அமைப்பைப் பார்த்து மாற்றும் முறை. ஸ்லைடு மேல் ஸ்லைடு. ஃபைல், சான்றிதழ், மதியம் நல்ல சாப்பாடு. மூன்று மாதம் கழித்துக் கேட்டேன். 'எல்லை' என்ற ஒரு சொல்லைத் தவிர ஒருவருக்கும் எதுவும் நினைவில்லை. சாப்பாடு நினைவிருக்கிறது.

இந்தத் தடவை மறுபடி ஒரு கும்பிடு போட்டு அனுப்ப மனசில்லை. பணம் குறைவு, தனி அறை ஒன்றே ஒன்றுதான். இதை உருப்படியாகப் பழக்கியவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

நொய்யல்கரை (கோவை) | செவ்வாய், இரவு 11.15

அந்த 14 பேரில் எனக்கு அதிக நம்பிக்கை படிப்பில்லாத ஐந்து பேர் மேல்தான். உபசாரத்துக்குச் சொல்லவில்லை. இந்த முறை வளர்ந்த கதையிலேயே அது இருக்கிறது.

இதை உருவாக்கிய சால்வடோர் மினுசின் 1921இல் அர்ஜென்டினாவில் பிறந்தவர். முதலில் குழந்தை மருத்துவர், பிறகு மனநல மருத்துவர். 1960களின் தொடக்கத்தில் நியூயார்க் மாநிலத்தில் வில்ட்விக் என்ற விடுதிப் பள்ளியில் வேலை பார்த்தார். போலீஸ், கோர்ட் என்று அலைந்த ஏழை வீட்டுப் பையன்கள் தங்கிய இடம். பையனைத் தனியே வைத்து மனசைத் தோண்டும் பழைய வழி அங்கே எடுபடவில்லை. விடுதியில் திருந்தியவன் வீட்டுக்குப் போனதும் பழையபடி. உங்கள் ஆட்களின் அதே புலம்பல். அதனால் வீட்டையே வரவழைத்தார்கள். ஒருவர் குடும்பத்தோடு பேசுவார், மற்றவர்கள் ஒருபக்கக் கண்ணாடிக்குப் பின்னால் இருந்து பார்ப்பார்கள், முடிந்ததும் அலசுவார்கள். அதை வைத்து 1967இல் ஒரு நூலும் வந்தது.

1965இல் அவர் பிலடெல்பியா சைல்டு கைடன்ஸ் கிளினிக்குக்கு இயக்குநராகப் போனார். அங்கே ஜே ஹேலி, பிராலியோ மொன்டால்வோ ஆகியோரோடு சேர்ந்து, 1960களின் கடைசியில் ஒரு வேலை செய்தார். கல்லூரிப் படிப்பில்லாத உள்ளூர் மக்களை, பெரும்பாலும் கறுப்பினத்தவரை, எடுத்துக் குடும்பச் சிகிச்சையாளர்களாகப் பழக்கினார்கள். பாடம் நடத்தி, பரீட்சை வைத்து, அப்புறம் அனுப்பும் வழக்கம் இல்லை. குடும்பத்தோடு உட்கார வைத்து, பார்த்துக்கொண்டே இருந்து, கோணும்போது அங்கேயே நிமிர்த்தினார்கள். தறி பழகுவது மாதிரி. தறி ஓட்டுவதை ஸ்லைடு போட்டா சொல்லிக் கொடுக்கிறோம்?

சரி, உங்கள் பஞ்சாயத்துச் சிக்கலுக்கு வருகிறேன். பஞ்சாயத்துக்காரர் சொல்வதைக் கேட்கிறார், எது நியாயம் என்று பார்க்கிறார். நம் ஆள் அந்த நாலு பேருக்கு நடுவில் கண் முன்னே நடப்பதைப் பார்க்க வேண்டும். "எத்தனாவது படிக்கறே தம்பி?" என்று பையனைக் கேட்கிறீர்கள். அம்மா பதில் சொல்கிறார். சொல்லிவிட்டு ஓரக்கண்ணால் மாமியார் முகத்தைப் பார்க்கிறார். அப்பா செல்போனைப் பார்க்கிறார். பத்து விநாடிதான், அந்த வீட்டின் படம் பாதி வந்துவிட்டது. இதைப் பார்க்கப் பழகாதவருக்கு எத்தனை சொல் தெரிந்தும் பிரயோசனமில்லை.

நான் செய்வது இது. பயிற்சிக்கு வந்தவர்களையே குடும்பமாக நடிக்க வைத்து அஞ்சு நிமிடம் செல்போனில் எடுப்பேன். அப்புறம் சத்தத்தை முழுக்க அணைத்துவிட்டுப் போட்டுக் காட்டுவேன். யார் யாரைப் பார்த்துப் பேசுகிறார், யார் பேசும்போது யார் குனிகிறார், யார் நாற்காலி யார் பக்கம் சாய்ந்திருக்கிறது. பார்த்துவிட்டு ஆளுக்கொரு படம் போட வேண்டும். கணவன் மனைவி ஒரு தொகுதி, பெற்றோர் ஒரு தொகுதி, பிள்ளைகள் ஒரு தொகுதி. நடுவில் எல்லை, அதாவது யார் எதில் எவ்வளவு தலையிடலாம் என்ற வரம்பு. இறுகிப் போயிருந்தால் முழுக்கோடு, தெளிவாக இருந்தால் விட்டுவிட்டு வரும் கோடு, கரைந்து போயிருந்தால் வெறும் புள்ளிகள். பதினாலு பேர் போட்டால் பதினாலு படம் வரும். ஏன் அப்படிப் போட்டாய் என்ற சண்டையில்தான் படிப்பு நடக்கிறது.

அடுத்தது, ஒரே ஒரு வாக்கியம். "என்கிட்டச் சொல்லாதீங்க, அவருகிட்டயே சொல்லுங்க." இதைச் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டு ரெண்டு நிமிடம் இருக்கப் பழக வேண்டும். கேட்க லேசு. ஆறு மாதம் ஆகும். நமக்கு அமைதி தாங்காது, உடனே நடுவில் புகுந்து சமாதானம் செய்துவிடுவோம். அவர்கள் வீட்டில் எப்படி முட்டிக்கொள்கிறார்களோ அதை இங்கே நடக்க விட்டால்தான் எங்கே திருப்பலாம் என்று தெரியும்.

கண்ணாடி அறை இல்லை என்று வருத்தப்பட வேண்டாம். பழைய செல்போன் ஒன்றை அலமாரியில் வைத்து வீடியோ கால் போட்டு அடுத்த அறையில் இருந்து பாருங்கள். குடும்பத்திடம் முன்கூட்டியே சொல்லி, எழுத்தில் சம்மதம் வாங்கி, யார் பார்க்கிறார்கள் என்று முகத்தையும் காட்டிவிடுங்கள். நடுவில் பத்து நிமிடம் டீ. அந்தப் பத்து நிமிடத்தில் கவுன்சிலர் வெளியே வந்து உங்களிடம் ரெண்டு வார்த்தை கேட்டுவிட்டு உள்ளே போகட்டும். மாதம் ரெண்டு தடவை, ஆறு மாதம். ரெண்டு நாள் வகுப்பை மறந்துவிடுங்கள்.

பனியன்சிட்டி (திருப்பூர்) | புதன், காலை 6.50

நொய்யல்கரை அக்கா சொன்னதற்கு என் தலையில் விழுந்த குட்டு ஒன்றைச் சாட்சி சொல்கிறேன். அடையாளம் எல்லாம் மாற்றியிருக்கிறேன்.

பல்லடம் தாண்டி ஒரு தோட்டத்து வீடு. பதினாறு வயதுப் பெண்ணுக்கு அடிக்கடி மயக்கம். ஆஸ்பத்திரியில் எல்லாச் சோதனையும் நார்மல் என்று சொல்லி எங்களிடம் அனுப்பியிருந்தார்கள். போனேன். ஆசாரத்தில் (முன்கூடத்தில்) அப்பாரு, அதாவது தாத்தா, கயிற்றுக் கட்டிலில், அப்பத்தா நாற்காலியில். பெண்ணின் அப்பா தூணில் சாய்ந்து நிற்கிறார். அம்மா சமையல்கட்டு நிலைப்படியில், பாதி உள்ளே பாதி வெளியே. எனக்கு ஒரு நாற்காலி போட்டார்கள்.

நான் அப்போதுதான் வகுப்பு முடித்து வந்த சூடு. அம்மா நிற்பதைப் பார்த்ததும் எனக்குப் பொறுக்கவில்லை. "அக்கா, நீங்களும் வந்து உக்காருங்க" என்று சொல்லி, காலியாக இருந்த நாற்காலியை இழுத்தும் போட்டுவிட்டேன். அவர் அப்பத்தாவைப் பார்த்தார். அப்பத்தா சுவரைப் பார்த்தார். அப்பாரு ஒரு செருமல் செருமினார், துண்டை உதறித் தோளில் போட்டார், "மாட்டுக்குத் தண்ணி காட்டோணும்" என்று எழுந்து போய்விட்டார். அம்மா உட்காரவே இல்லை. எனக்குக் காபி வந்தது. குடித்துவிட்டுக் கிளம்பினேன்.

என்னைவிடப் பதினைந்து வருடம் மூத்த களப்பணியாளர் ஒருவரிடம் சொன்னேன். அவர் சிரித்துவிட்டுச் சொன்னார்: "நீ அந்த ஊட்டுக்கு மருமவளா அடி எடுத்து வெக்கறதுக்கு முன்னாடியே மாமியாராயிட்டே."

அடுத்த வாரம் அவரும் வந்தார். அன்றைக்கு அப்பத்தா தரையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். இவர் நாற்காலியைத் தொடவே இல்லை. "ஏனுங்காத்தா, இத்தனையும் ஒருத்தரே ஆயறீங்களா?" என்று சொல்லிக்கொண்டே பக்கத்தில் உட்கார்ந்து ஒரு கொத்தை எடுத்துக்கொண்டார். ரெண்டு மழைப் பேச்சு, ஒரு மாட்டுப் பேச்சு. கொஞ்ச நேரத்தில் அப்பத்தாவே உள்ளே பார்த்து, "கண்ணு, நீயும் வா, எச்சாக் கெடக்குது" என்றார். அம்மா வந்து உட்கார்ந்தார். யாரும் கூப்பிடாமலே அந்தப் பெண்ணும் வந்து அம்மா முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்தது. அப்பாரு கட்டிலை விட்டு எங்கேயும் போகவில்லை.

அதன் பிறகுதான் இவர் மெதுவாகக் கேட்டார், "இந்தப் புள்ளைய மேல எங்க படிக்க வெக்கறதுன்னு ஊட்டுல யாருங்க ரோசனை பண்றது?" எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள், பெண்ணின் அப்பாவையும் அம்மாவையும் தவிர. அந்த ரெண்டு பேரும் தங்களுக்குள் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. அவர்கள் ரெண்டு பேர் மட்டும், மற்றவர்கள் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க, பேசி முடிக்க இன்னும் மூன்று தடவை போக வேண்டியிருந்தது. மயக்கம் நின்றதா என்றால், குறைந்தது. முழுக்க நின்றது என்று சொல்ல மாட்டேன்.

சேர்வது என்று புத்தகத்தில் இதைத்தான் சொல்கிறார்கள். நம் ஊரில் சேர்வதற்குப் பாதி வழி முறை வைத்துக் கூப்பிடுவதில் இருக்கிறது. யார் ஆத்தா, யார் அக்கா, யார் மாமா, யாரை வெறும் "ஏனுங்க" என்று நிறுத்திக்கொள்ள வேண்டும். இதற்கு ஒரு வகுப்பே வைக்கலாம்.

மஞ்சள்மண்டி (ஈரோடு, வக்கீல்) | புதன், மாலை 7.30

கீரைக் கதை அருமை. ஆனால் ஒருவராவது கெட்ட கேள்வி கேட்க வேண்டும் அல்லவா, நான் கேட்கிறேன்.

இந்த முறையில் படிநிலை என்று ஒன்று வருகிறது. பெற்றோர் மேலே, பிள்ளைகள் கீழே. பெற்றோர் அதிகாரம் தளர்ந்திருந்தால் கவுன்சிலர் அதைத் தூக்கி நிறுத்த வேண்டும். நல்லது. நம் பக்கம் பெற்றோர் எதற்குக் கவுன்சிலரிடம் பெண்ணைக் கூட்டி வருகிறார்கள்? நான் பார்த்தவரை, இருபத்திரண்டு வயதுப் பெண் வேறு சாதிப் பையனை விரும்புகிறாள், "நாலு நல்ல வார்த்தை சொல்லிப் புத்திக்குக் கொண்டாங்க" என்று வருகிறார்கள். அரைகுறையாகக் கற்றுக்கொண்ட உங்கள் ஆள் அங்கே 'தளர்ந்த படிநிலை'யைப் பார்ப்பார். அதைத் தூக்கி நிறுத்துவார். அந்தப் பெண்ணின் செல்போன் போகும், வேலை போகும், அடுத்த முகூர்த்தத்தில் கல்யாணம் நடக்கும். கவுன்சலிங் செய்து சரியாகிவிட்டது என்று ஃபைலில் எழுதுவார்கள்.

ரெண்டாவது, அடி. குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் 2005இல் வந்தது. அதற்கு அப்புறமும் புருஷன் பெண்டாட்டி ரெண்டு பேரையும் எதிரெதிரே உட்கார வைத்து "மனசு விட்டுப் பேசுங்க" என்பது நிற்கவில்லை. ஒரு இடத்தில், எந்த இடம் என்று சொல்லவில்லை, என் கட்சிக்காரர் ஒருவர் அப்படி மனசு விட்டுப் பேசினார். அன்று ராத்திரி வீட்டில் அதற்குக் கணக்குத் தீர்க்கப்பட்டது. மறுநாள் அவர் என் அலுவலகத்துக்கு வந்தபோது முக்காடு போட்டிருந்தார். "அவருகிட்டயே சொல்லுங்க" என்ற அந்த வாக்கியத்தை நொய்யல்கரை மேடம் இவ்வளவு மெச்சுகிறார். எனக்கு அதைப் படித்ததும் அந்த முக்காடுதான் ஞாபகம் வந்தது.

நொய்யல்கரை | புதன், இரவு 10.05

மஞ்சள்மண்டி சார், அடி விஷயத்தில் உங்களோடு வாதாட எனக்கு ஒன்றும் இல்லை. பயத்தில் இருக்கும் ஒருவரை அந்தப் பயத்துக்குக் காரணமானவர் எதிரே பேச வைக்கக் கூடாது. என் பயிற்சியில் முதல் விதி இது, நேற்று எழுதாமல் விட்டது என் தப்பு. குடும்பத்தைச் சேர்த்து உட்கார வைக்கும் முன்னால் ஒவ்வொருவரையும் தனியாகப் பார்க்க வேண்டும். "ஊட்டுக்குப் போனா என்ன ஆகும்னு பயம் இருக்குதா?" என்று நேராகக் கேட்க வேண்டும். இருக்கிறது என்றால் சேர்ந்து பேசுவது அங்கேயே நின்றது. பெண்கள் உதவி எண் 181, பாதுகாப்பு அலுவலர், வக்கீல். அது வேறு பாதை. தற்கொலை எண்ணம் இருந்தாலும் முதலில் ஆளைக் காப்பாற்றும் வேலை, டெலி மானஸ் மனநல உதவி எண் 14416, மருத்துவர். குடித்துக் குடித்து நிறுத்தியதும் கை நடுங்குகிறவருக்கும் முதலில் ஆஸ்பத்திரிதான்.

உங்கள் கோபம் புதுசும் இல்லை. ரேச்சல் ஹேர்-மஸ்டின் 1978லேயே குடும்பச் சிகிச்சை பெண்ணைப் பழைய வேலைக்கே திருப்பி அனுப்புகிறது என்ற பொருளில் எழுதினார். 1980களில் அந்த விமர்சனம் இன்னும் வலுத்தது. பசியற்ற நோய் (அனோரெக்சியா, சாப்பிட மறுத்து உடல் மெலிந்துபோவது) வந்த பிள்ளைகளின் குடும்பங்களோடு மினுசின் செய்த வேலையிலும் குறை உண்டு. குடும்பத்தோடு மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்து, அங்கே நடப்பதை வைத்தே வேலை செய்தார். அது பெரிய திறமை. ஆனால் குறிப்பிட்ட மாதிரிக் குடும்பம்தான் இந்த நோயை உண்டாக்குகிறது என்ற எண்ணம் பின்னால் நிற்கவில்லை. இன்றைக்கு அந்த நோய்க்குக் குடும்பத்தை வைத்துச் செய்யும் சிகிச்சையில், குடும்பத்தின் மேல் பழி போடாதே என்பதுதான் முதல் பாடம்.

படிநிலை விஷயத்தில் பாதி ஒத்துக்கொள்கிறேன். பிள்ளைகள் வளர வளர அமைப்பு மாற வேண்டும் என்பதும் இந்த முறைக்குள்ளேயே இருக்கிறது. எட்டு வயதுப் பெண்ணுக்கு இருந்த வேலி இருபத்திரண்டு வயதில் அதே இடத்தில் இருந்தால், சிக்கல் வேலியில்தான். அந்தக் குடும்பத்தோடு வேலை செய்வதென்றால் பெற்றோர் தங்கள் பயத்தைத் தாங்களே சுமக்கப் பழக வேண்டும், பெண்ணின் முடிவு பெண்ணுடையது. இதை ஏற்காத பெற்றோரிடம் "இந்த வேலையை நாங்க செய்ய மாட்டோம்ங்க" என்று சொல்லும் தைரியம் பயிற்சியில் வர வேண்டும். வருமா என்பது வேறு. சம்பளம் கொடுப்பவர் யார், அவர் எந்தக் கல்யாணத்துக்குப் போகிறவர் என்பதும் அதில் இருக்கிறது.

மஞ்சள்மண்டி | புதன், இரவு 10.20

கடைசி வரி உண்மை. மீதியை நடைமுறையில் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

முட்டைக்கோட்டை (நாமக்கல், பள்ளிக் கவுன்சிலர்) | வியாழன், மதியம் 1.10

நீங்கள் எல்லோரும் குடும்பம் வந்து உட்கார்ந்த பிறகு என்ன செய்வது என்று பேசுகிறீர்கள். எனக்கு வருவதே இல்லையே! அப்பா லாரியில் நாக்பூரில் இருக்கிறார். அம்மா கோழிப்பண்ணையில், லீவு போட்டால் கூலி போச்சு. வருவது பாட்டி மட்டும், அவருக்கும் காது கேட்காது. யாரை வைத்து நான் எல்லை போடுவது?

நொய்யல்கரை | வியாழன், இரவு 8.45

உங்களுக்கு ஒரு நல்ல செய்தி இருக்கிறது. மயாமியில் ஹோசே சபோச்னிக்கும் அவரோடு இருந்தவர்களும் 1970களில் கியூபாவிலிருந்து வந்து குடியேறிய குடும்பங்களோடு வேலை செய்தார்கள். பிள்ளைகள் புது ஊருக்குச் சீக்கிரம் பழகிவிடுகிறார்கள், பெற்றோர் பழைய ஊரிலேயே நிற்கிறார்கள், நடுவில் போதைப் பழக்கம். கட்டமைப்பு முறையை அந்த மக்களுக்கு ஏற்ப மாற்றிக் குறுகிய காலச் சிகிச்சையாக்கினார்கள். அவர்களுக்கும் உங்கள் சிக்கல்தான், எல்லோரும் வருவதில்லை. 1980களில் ஒரே ஒரு ஆளை வைத்துக் குடும்பத்தை மாற்றும் வழியைச் சோதித்துப் பார்த்தார்கள். முழுக் குடும்பமும் வந்ததோடு ஒப்பிட்டால் பெரிய குறைவு இல்லை என்று கண்டார்கள். வந்த ஆள் வீட்டில் தன் பங்கை மாற்றினால் மற்றவர்கள் பழையபடி ஆட முடியாது என்பது கணக்கு.

அதனால் காது கேட்காத பாட்டியும் போதும். நாக்பூரில் இருக்கும் அப்பாவுக்கு ராத்திரி சாப்பாட்டு நேரத்தில் வீடியோ கால் போடலாம், லாரிக்காரர்கள் அந்த நேரத்தில் எடுப்பார்கள். அப்புறம் திங்கட்கிழமை காலை பதினொரு மணிக்குக் குடும்பத்தை வரச் சொல்லும் வழக்கத்தை விடுங்கள். ஞாயிற்றுக்கிழமை நாம் வேலை செய்தால் என்ன?

ரிக்குவண்டிவீடு (திருச்செங்கோடு) | வெள்ளி, இரவு 11.50

நான் இந்தத் துறை இல்லைங்க. தேடும்போது இந்த இழை வந்தது, படித்துவிட்டு எழுதாமல் தூங்க முடியவில்லை. நாங்கள் அந்த நாற்காலியில் உட்கார்ந்த குடும்பம்.

என் வீட்டுக்காரர் போர் போடும் ரிக்கு வண்டியில் இருக்கிறார். ஆந்திரா, மத்தியப் பிரதேசம் என்று போனால் மாதக்கணக்கில் வர மாட்டார். வருடத்துக்கு ரெண்டு மூன்று தடவை வருவார். பெரிய பையனுக்குப் பதினைந்து வயது. ஏடிஎம் கார்டு அவனிடம், வாடகை கொடுப்பது அவன், தங்கச்சியைப் பள்ளியில் விடுவது அவன். எனக்கு அது பெருமையாகவே இருந்தது. இவர் வந்த அன்றைக்குச் சண்டை வரும். ஒரு தடவை இவர் சத்தம் போட, பையன் எழுந்து, "நீங்க சும்மா இருங்க, உங்களுக்கு இந்த ஊட்டப் பத்தி என்ன தெரியும்" என்றான். அப்புறம் பள்ளிக்கூடத்துக்கே போகாமல் இருந்துவிட்டான்.

கவுன்சிலர் ஒரு சின்ன வயதுப் பெண். மூன்று நாற்காலி, பையன் எங்கள் நடுவில். அந்தப் பொண்ணு முதலில் அவனைப் பார்த்து, "ரெண்டு வருசமா இந்த ஊட்ட நீதான் ஓட்டியிருக்கே தம்பி, சின்ன வேலை இல்லை" என்றது. நான் திட்டுவார் என்று நினைத்தேன். அவன் தலையைக் குனிந்துகொண்டான். அப்புறம், "இப்ப உனக்கு லீவு, நாற்காலிய இங்க என் பக்கத்துல போட்டுக்கோ" என்று அவனை நகர்த்திவிட்டு, எங்கள் ரெண்டு பேரிடமும் சொன்னது: "கார்டு யாருகிட்ட இருக்கோணும்னு நீங்க ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணுங்க. நாங்க கேட்டுட்டு இருக்கறோம்."

பதினேழு வருடம் குடும்பம் நடத்தியிருக்கிறோம். ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துப் பேச வரவில்லை. ஒவ்வொரு வார்த்தைக்கும் நான் பையன் முகத்தைப் பார்த்தேன். மூன்றாவது தடவை பார்த்தபோது அந்தப் பொண்ணு கையில் இருந்த நோட்டைத் தூக்கி அவன் முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டது. ஒன்றும் சொல்லவில்லை, பிடித்துக்கொண்டே இருந்தது. எனக்கு வேறு வழியில்லாமல் இவர் முகத்தைப் பார்த்தேன். "எனக்கு அந்தக் கார்டோட பின் நம்பரே தெரியாது" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அவருக்கும். நோட்டுக்குப் பின்னால் பையனும் சிரித்தான் என்று பிறகு சொன்னான்.

கார்டு இப்போது என்னிடம் இருக்கிறது. பையன் பள்ளிக்கூடம் போகிறான், கோபமாகத்தான் போகிறான். வீட்டுப் பெரிய மனுஷன் பதவி போன வெசனம் அவனுக்கு இருக்கிறது. அதைப் பற்றி அடுத்த தடவை அந்தப் பொண்ணு கேட்கவே இல்லை. உங்கள் ஆட்களுக்கு அதைச் சொல்லிக் கொடுங்கள். எடுத்துவிட்ட பாரத்துக்குப் பதிலாக அவனுக்கு ஏதாவது கொடுக்க வேண்டும்.

நொய்யல்கரை | சனி, காலை 6.20

தங்கச்சி, நான் இத்தனை வருடம் பயிற்சி கொடுத்தும் உங்கள் கடைசி வரியை இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை. பெற்றோர் வேலையைச் சுமந்த பிள்ளையை இறக்கிவிடுவதோடு பலர் நிறுத்திவிடுகிறோம். தம்பி தங்கைகளோடு அவனுக்கு ஒரு இடம், கூட்டாளிகளோடு ஒரு மைதானம், வீட்டில் அவன் பொறுப்பென்று ஒரு வேலை, அதற்கு அப்பாவே கொடுக்கும் ஒரு மரியாதை. அடுத்த தடவை அவர் ஊருக்கு வரும்போது பையனையும் கூட்டிக்கொண்டு வண்டியைக் காட்டப் போகட்டும்.

வாய்க்கால்மேடு | ஏழு வாரம் கழித்து, ஞாயிறு, இரவு 9.00

எல்லோருக்கும் நன்றி சொல்ல வந்தேன், நடந்ததையும் சொல்கிறேன்.

நொய்யல்கரை அக்கா மாதம் ரெண்டு ஞாயிறு கோவையிலிருந்து ரயிலேறி வருகிறார். சத்தமில்லாத வீடியோப் பயிற்சியில் அந்த ஐந்து களப்பணியாளர்களும் மற்ற எல்லோரையும் தூக்கிச் சாப்பிட்டுவிட்டார்கள். எம்எஸ்டபிள்யூ படித்தவர்கள் சட்டென்று பெயர் வைத்துவிடுகிறார்கள், வைத்த பிறகு பார்ப்பதை நிறுத்திவிடுகிறார்கள். இறுகிய எல்லை, கரைந்த எல்லை என்று நான் போர்டில் எழுதிக்கொண்டிருந்தேன். சிவகிரி பக்கத்து அம்மா ஒருவர் கை தூக்கி, "ஏனுங்க சார், ஒண்ணு மதில் சுவரு. ஒண்ணு வரப்புக் கரைஞ்சு போன காடு, ஒருத்தன் பாய்ச்சுன தண்ணி அடுத்தவன் காட்டுக்குப் போயிரும். நாம வெக்கோணும்னு சொல்றது கடவு உள்ள வேலி. அப்படித்தானுங்களே?" என்றார். போர்டை அழித்துவிட்டு அதையே எழுதினேன். இப்போது எல்லோரும் 'இந்த வீட்டில் கடவு (வேலியில் போய்வரும் வழி) எங்கே' என்றுதான் பேசுகிறார்கள்.

ஒரு தப்பும் செய்தேன். ரெண்டாவது வாரம் எல்லோரையும் அவரவர் குடும்பப் படத்தைப் போட்டுக் குழுவில் விளக்கச் சொன்னேன். ஒரு பெண் பாதியில் நிறுத்தினார், கழிவறைக்குப் போனார், அப்புறம் பயிற்சிக்கே வரவில்லை. போன் செய்து மன்னிப்புக் கேட்டேன். இப்போது அந்தப் படத்தைத் தனக்காக மட்டும் போடுகிறார்கள், விரும்பினால் அக்காவிடம் தனியே காட்டலாம்.

பெரிய சண்டை இணைச்சீரில் வந்தது. நம் பக்கத்துக் கல்யாணத்தில் கூடப்பிறந்தவர் உறவுக்கென்று செய்யும் சீர் அது. ஒரு நடிப்பில், கணவர் எதற்கெடுத்தாலும் தன் அக்காவைக் கேட்கிறார், மனைவி ஓரமாக நிற்கிறார். படித்தவர்கள் நான்கு பேர் ஒரே மாதிரி, அளவுக்கு மீறிப் பின்னிக்கிடக்கும் உறவு என்று எழுதினார்கள், அக்காவை வெளியே நிறுத்த வேண்டும் என்றார்கள். களப்பணியாளர்கள் விடவில்லை. "கல்யாணத்தன்னைக்கு இணைச்சீர் பண்ணி, அத்தனை சனத்துக்கு முன்னாடி அண்ணன் தம்பியும் அக்கா தங்கச்சியும் ஒட்டுக்கா இருக்கோணும்னு உக்கார வெச்ச ஊரு. அவளை வெளிய நிறுத்தச் சொன்னா யாருங்க கேப்பாங்க?" ஒன்றரை மணி நேரம் போனது. கடைசியில் கேள்வியை மாற்றிக்கொண்டோம். நங்கையா (கணவரின் அக்கா) பேசலாம். அவர் பேசிய பிறகு மனைவி ஒரு மறுபேச்சுப் பேசினால் வீட்டில் என்ன ஆகிறது? பேச முடிகிறது என்றால் நெருக்கம். முடியவில்லை என்றால் அங்கே வேலை இருக்கிறது.

இதுவரை மூன்று குடும்பங்கள் சம்மதித்து வந்திருக்கின்றன. ஒன்று ரெண்டாவது தடவை வரவில்லை. ஒன்றில் தனியாகப் பேசியபோதே பயம் தெரிந்தது, சேர்ந்து உட்கார வைக்காமல் நிறுத்தி மஞ்சள்மண்டி சாரிடம் அனுப்பினோம். மூன்றாவது நடக்கிறது.

மஞ்சள்மண்டி | ஞாயிறு, இரவு 9.25

அனுப்பியது வந்து சேர்ந்தது. தனியாகக் கேட்டது நல்ல காரியம். பழைய வழியில் எதிரெதிரே உட்கார வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அந்த அம்மாவே சொன்னார்.

ஆனால் வேலி, வரப்பு என்று சொல்லிக் கொடுக்கும்போது பார்த்துக்கொள்ளுங்கள். நம் பக்கம் அண்ணன் தம்பி கோர்ட்டுக்கு வருவதே பொழி (காட்டு எல்லை) தகராறில்தான். எனக்குச் சோறு போடுவது அதுதான், நிறுத்திவிடாதீர்கள்.

நொய்யல்கரை | ஞாயிறு, இரவு 10.10

அடுத்த ஞாயிறு நடிப்புக்கு ஒரு மாற்றம் வேண்டும். போன தடவை அப்பத்தாவாக நடித்தவர் வேண்டாம். ரொம்ப நல்ல அப்பத்தா, ஒரு கொத்துக் கீரை ஆய்வதற்குள் இறங்கி வந்துவிடுகிறார். நம் பிள்ளைகள் அதை நம்பிக்கொண்டு களத்துக்குப் போனால் அடிபட்டு வருவார்கள். அசையாத ஒருவர் வேண்டும்.

வாய்க்கால்மேடு | ஞாயிறு, இரவு 10.15

மஞ்சள்மண்டி சார், உங்களைத்தான் பார்க்கிறேன்.

மஞ்சள்மண்டி | ஞாயிறு, இரவு 10.40

இருபது வருடம் குறுக்கு விசாரணை செய்தவன், கீரைக்கெல்லாம் இறங்க மாட்டேன். சேலை மட்டும் யாராவது கொண்டு வாருங்கள்.